கட்டில் லாரி

“வழியில என்னெல்லாம் இருக்கும்?”

“ரோடுதான் இருக்கும். வேற என்ன இருக்கும்?”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். வெயில் அடிச்சா வெயில், மழை பெஞ்சா மழை. நீ போய்ப் படு, மூஞ்சி வாடிக் கிடக்கு.”

பதினோரு வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி ஒன்பதாம் நாள், வாசற்படியில் நின்று பேசிய பேச்சு இது. அவன் லாரி டிரைவர். சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவள் கையில் சாப்பாட்டு டப்பா சூடு ஆறாமல் இருந்தது. அவள் கேட்க நினைத்தது வேறு. ‘நானும் ஒரு தடவை கூட வரட்டுமா?’ என்பதுதான் அது. அதற்கு முன்னால் போட்டுவைத்த சும்மாக் கேள்விதான் வழியில் என்ன இருக்கும் என்பது. அதற்கே இப்படிக் கதவைச் சாத்துவதுபோல் பதில் வந்ததும், அடுத்ததை விழுங்கிவிட்டாள். டப்பாவைக் கொடுத்தாள். அவன் போனான்.

பிறகு ஒரு தையல் மெஷின் வந்தது. ஒரு பெண் பிறந்தாள், நாலு வருடம் கழித்து ஒரு பையன் பிறந்தான். அவன் மாதத்தில் இருபது நாள் வெளியே இருந்தான். கேள்வி மட்டும் எங்கேயும் போகாமல் உள்ளேயே கிடந்தது.

இப்போது அந்த வீட்டுக் கதவில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அவனோடு வண்டியில் வந்த இன்னொரு டிரைவருக்குக் காய்ச்சல் கண்டு, அது அந்தக் காய்ச்சல்தான் என்று தெரிந்ததும், சுகாதார ஆள் வந்து பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். வீட்டில் நாலு பேர், பதினாலு நாள், யாரும் வெளியே போகக்கூடாது, யாரும் உள்ளே வரக்கூடாது. தெருவுக்கு எதிரே காலி மனையில் லாரி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் பச்சை நிற மூக்கும், ஒரு பக்கத்துக் கண்ணாடியும் தெரியும். தொட முடியாது.

வீடு பெரிய வீடு இல்லை. முன்னறையில் தையல் மெஷினும் துணி வெட்டுகிற மேஜையும். உள்ளறையில் ஓர் இரும்புக் கட்டில். அதற்குப் பின்னால் சமையலறை, அதையும் தாண்டினால் துவைக்கிற இடம். பள்ளிக்கூடச் சீருடைகள் முப்பத்தாறு சட்டை, பாதி தைத்தும் பாதி தைக்காமலும் மேஜைமேல் அடுக்கியிருந்தன. பள்ளிக்கூடமே மூடிக் கிடந்தது. ஆனாலும் கை சும்மா இருக்காதே என்று தைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு நாள் அவன் தூங்கினான். சாப்பிட எழுந்தான், மறுபடி தூங்கினான். பிள்ளைகள் இரண்டும் அவள் தலையில். பெரியவளுக்கு ஒன்பது வயது. எதைச் சொன்னாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர். சின்னவன் ஐந்து வயது, ஓரிடத்தில் நிற்காதவன், பம்பரம். இந்த இரண்டையும் நாலு சுவருக்குள் வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமா? ஆனால் அவள் சமாளித்தாள். பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு ஓட்டைப் பட்டன், நாலு ஓட்டைப் பட்டன் என்று பிரிக்கச் சொன்னாள். பட்டன் கடை வைத்தார்கள். ஒரு முழ நூலுக்கு மூன்று பட்டன் விலை. வெட்டு விழுந்த துணித் துண்டுகளில் ஒரு யானை தைத்துக் கொடுத்தாள். தும்பிக்கை காலைவிடத் தடிமனாகப் போய்விட்டது. பம்பரம் விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு, “நாளைக்கும் பட்டன் கடை வெக்கலாம்மா” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்கு இடுப்பு வலியெல்லாம் போய்விட்டது.

மூன்றாம் நாள் அவன் தூங்கி முடித்துவிட்டான்.

வெளியே மழை பிடித்திருந்தது. அவன் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாசலுக்கும் சமையலறைக்கும் ஓடிக்கொண்டிருந்த பம்பரத்தைப் பார்த்தான்.

“டேய், இங்க வா. டயர்ல காத்து இருக்கான்னு பாரு.”

“எந்த டயரு?”

“கட்டிலுக்கு நாலு கால் இருக்குல்ல. கரண்டி எடுத்துட்டு வந்து தட்டு. சத்தம் எப்படி வருதுன்னு சொல்லு.”

பம்பரம் கரண்டியோடு வந்து தட்டினான். “டங்குன்னு வருதுப்பா.”

“டங்குன்னா காத்து இருக்கு. தொப்புன்னா பஞ்சர். நாலையும் தட்டணும். தட்டாம வண்டி எடுக்கிறவன் டிரைவரே இல்ல. வண்டியில அப்பான்னு கூப்பிடக்கூடாது, அண்ணேன்னு கூப்பிடணும்.”

“அண்ணே, நாலும் டங்குதான் அண்ணே.”

அவ்வளவுதான். அன்றைக்குக் கிளம்பிய வண்டி நிற்கவே இல்லை. பெரிய தட்டு ஸ்டீயரிங் ஆனது. குடை கியர் ஆனது. அவளுடைய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டில் கம்பியில் நூலால் கட்டினார்கள். அவளுடைய இஞ்ச் டேப் லோடு கட்டுகிற கயிறு. அவளுடைய பட்டன்கள் வெங்காய மூட்டை.

“அதெல்லாம் என்னோட பட்டன்” என்றாள் அவள், மெஷினில் இருந்தபடியே.

வக்கீல் வந்து நின்றாள். “அம்மா, இது வாடகைக்கு. இறக்கினதும் எண்ணித் திருப்பிக் குடுத்துருவோம்.”

“பட்டன் கடை வெக்கலாம்னு சொன்னானே உன் தம்பி.”

“கடைக்குச் சரக்கு வரணும்னா வண்டி வரணும்ல. அதுக்குத்தான் போறோம்.”

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். பின்பக்கமாக வண்டி எடுக்கும்போது பம்பரம் கட்டிலை உள்ளங்கையால் அடித்துக்கொண்டே, “வரலாம், வரலாம், வரலாம்... ஹோல்டேன்” என்று நிறுத்தச் சொல்லிக் கத்துவான். நாள் முழுக்க அதுதான். எதிர்வீட்டில் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பேக்கரிக்காரர் மனைவிதான் தினமும் காலையில் பாலும் ரொட்டியும் வாசற்படியில் வைத்துவிட்டு, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பேசுவாள்.

“ஏன்க்கா, உங்க வீட்டுல லாரி ஓடுற சத்தம் கேக்குதே?”

“ஓடுது ஓடுது. கட்டில் லாரி.”

“குடுத்து வெச்சவ நீங்க. எங்க வீட்டு மனுஷன் டிவி முன்னாடி உக்காந்தா, பிள்ளைங்க குறுக்க போனாக்கூட ‘தள்ளு’ங்கிறதோட சரி.”

“நாங்களும்தான் ரெண்டு நாள் விளையாடுனோம். அப்ப யாருக்கும் சத்தம் கேக்கல.”

சொன்ன பிறகுதான் தன் குரலில் இருந்த புளிப்பு அவளுக்கே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரிக்கும் தெரிந்திருக்கும். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஆனால் பிள்ளைகள் அப்பாவிடம் ஒட்டிக்கொண்டது மட்டும் என்றால் இரண்டு நாளில் தாங்கிக்கொண்டிருப்பாள். மாதத்தில் பத்து நாள் வீட்டுக்கு வருகிறவன், ஒட்டிக்கொள்ளட்டுமே. அவளை அறுத்தது வேறு. வண்டி ஓடும்போது அவன் வழி சொன்னான்.

“இப்ப ஒரு பாலம் வருது. அகலம் கம்மி. ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கணும், இல்லாட்டி போயிடும். மடக்கு. ம். கீழ ஆத்துல தண்ணி இல்ல, மணல்ல ஆடு படுத்திருக்கு. பாலம் தாண்டினா சூரியகாந்தி. ரெண்டு பக்கமும். ஒரு மணி நேரம் ஓட்டினாலும் தீராது. காலையில போனா எல்லாம் நம்ம மூஞ்சியப் பாக்கும், சாயங்காலம் திரும்பினா முதுகக் காட்டும்.”

“ஏன் முதுகக் காட்டும் அண்ணே?”

“கோச்சுக்கிட்டு. ‘காலையில நிக்காமப் போனியே’ன்னு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு ரயில்வே கேட் வந்தது. கேட் மூடுகிறவர் ரோஜாச்செடி வளர்க்கிறாராம். ரயில் வரும்வரை டிரைவர்களை அழைத்து ஒவ்வொரு பூவையும் காட்டுவாராம். ஒரு மேடு வந்தது. மழை பெய்வதற்கு முன்பே அங்கே மழை வாசனை வருமாம்.

மெஷினை மிதித்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் காதில் விழாது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். நிறுத்தியது தெரியாமல் இருக்க, சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோர்க்கிறவள்போல் குனிந்து உட்கார்ந்து கேட்டாள். ரோடுதான் இருக்கும் என்றானே. பதினோரு வருடம் அவள் மனதில் அந்த ரோடு மொட்டையாக, கறுப்பாக, ஒரு மரம்கூட இல்லாமல் கிடந்தது. இத்தனை சூரியகாந்தியை எங்கே ஒளித்து வைத்திருந்தான்?

“அம்மா எங்க உக்காருவாங்க?” என்றான் பம்பரம் ஒருமுறை. முன் சீட்டுக்கு அவனுக்கும் அக்காவுக்கும் சண்டை முடிந்து, முறை வைத்து உட்காரலாம் என்று வக்கீல் தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

“அம்மா வண்டியில வர மாட்டாங்க. அம்மாதான் ஹோட்டல்” என்றாள் வக்கீல்.

அப்பாக்காரன் தட்டைத் திருப்பி வளைவு எடுத்துக்கொண்டிருந்தான். அப்படியாக அவள் ஹோட்டல் ஆனாள். மத்தியானம் வண்டி சமையலறை வாசலில் நிற்கும். சோறும் பருப்பும் முட்டையும் வாங்கிக்கொள்வார்கள். “என்ன ஹோட்டல் இது, முதலாளியம்மா சிரிக்கவே மாட்டேங்கிறாங்க” என்பான் அவன். “சிரிப்புக்குத் தனி பில்லு” என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். அவன்தான் முதலில் சிரித்தான். சிரித்துவிட்டுப் பிள்ளைகளோடு வண்டிக்குப் போய்விட்டான். அவள் தட்டுகளை எடுத்தாள்.

ஆறாம் நாள் டீக்கடை வந்தது.

“மலை ஏறுறதுக்கு முன்னாடி ஒரு டீக்கடை இருக்கு. டீக்கடை அக்கா கடை. அங்க நிக்காம எந்த வண்டியும் மேல ஏறாது.”

“நான்தான் டீக்கடை அக்கா” என்று வக்கீல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். “அந்த அக்கா எப்படிப்பா பேசுவாங்க?”

“வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே குரல் வந்துரும். ‘வாங்க வண்டிக்காரரே, சக்கரை கம்மி, டிகாக்‌ஷன் தூக்கலா, அதானே’ம்பாங்க. சொல்லவே வேண்டாம்.”

மெஷின் சக்கரத்தைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

சக்கரை கம்மியா? பதினோரு வருடமாக அவள் இரண்டு கரண்டி போட்டுக் கொடுக்கிறாள். ஒருநாள்கூட வேண்டாம் என்றதில்லை. அது மட்டுமில்லை. அந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். அவன் வழியிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் பின்னால் கண்ணாடி டம்ளர் மோதும் சத்தம் வரும். ஒரு பெண்குரல், “டீ ஆறுது பாருங்க” என்னும். உடனே அவன், “சரி, வெச்சிடறேன்” என்பான். முதல்முறை அதைக் கேட்டபோது பெரியவள் கைக்குழந்தை. யாரது என்று கேட்டால் சந்தேகப்படுகிறாள் என்று ஆகிவிடும். கேட்காமல் இருந்தால் சந்தேகம் மட்டும் மிச்சம். அவள் கேட்காமல் இருந்தாள். இப்போது அந்தக் குரலுக்கு ஒரு கடையும் வந்துவிட்டது, அவள் பெற்ற மகளே துண்டைப் போட்டுக்கொண்டு அந்த அக்காவாக நடிக்கிறாள்.

மறுநாள் காலை டீயில் சக்கரையே போடவில்லை. அவன் ஒரு வாய் குடித்தான். டம்ளரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான். அவன் என்ன ஏது என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எட்டாம் நாள் கட்டில் போதவில்லை. நிஜமாகவே போகிற ரோடு வேண்டும் என்றான் பம்பரம். அவனுடைய அப்பா முன்னறைக்கு வந்து, மேஜை இழுப்பறையிலிருந்து அவள் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் டப்பாவை எடுத்தான்.

“இதை எடுத்துக்கட்டுமா?”

“எடுத்தப்புறம் என்ன கேள்வி.”

அவளுடைய மெஷினுக்கு அடியில் ஷெட். அங்கிருந்து நீல ரோடு கிளம்பி, மேஜையைச் சுற்றி, உள்ளறையில் கட்டிலைத் தொட்டு, சமையலறை வழியாகத் துவைக்கிற கல்வரை போனது. பாலம் வெள்ளை. சூரியகாந்தி ரோஸ் நிறம், ஏனென்றால் டப்பாவில் மஞ்சள் இல்லை. அங்கங்கே சின்னச் சின்னதாகப் படங்கள். டப்பாவில் இருந்த சாக்பீஸ் கிட்டத்தட்ட எல்லாம் தேய்ந்தது. டீக்கடை சமையலறை வாசலில், சரியாக அவள் நின்று பாத்திரம் எடுக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்தது. கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன்மேல் ஒரு கோடு. கல்லாப்பெட்டியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“அம்மா, கடைமேல கால் வெக்காத” என்றான் பம்பரம்.

தன்னுடைய சமையலறைக்குள் அவள் அந்தக் கடையைத் தாண்டித் தாண்டிப் போனாள். சோறு வடித்தபோது தாண்டினாள். தண்ணீர் எடுக்கத் தாண்டினாள். உப்பு எடுக்கத் தாண்டினாள். ராத்திரி படுக்கப் போகும்போது பம்பரம் தீப்பெட்டியால் செய்த லாரியைச் சூரியகாந்திக்கு நடுவில் நிறுத்தி, “இன்னைக்கு இங்க தங்கல். காலையில கிளம்புவோம் அண்ணே” என்றான்.

காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன்பே அவள் வாளியில் தண்ணீர் எடுத்து, வீட்டைத் துடைத்தாள். அன்றைக்குத் துடைக்கிற முறையே இல்லை. வாசலில் ஆரம்பிக்க வேண்டியவள் சமையலறை வாசலில் ஆரம்பித்தாள். முதலில் டீக்கடை. அது போனதும் கை நின்றிருக்கலாம், நிற்கவில்லை. மலை, கேட், ரோஜாச்செடி, பாலம் எல்லாம் நீலத் தண்ணீராக ஓடித் துவைக்கிற இடத்துச் சாக்கடையில் இறங்கின. தீப்பெட்டி லாரியை மட்டும் எடுத்து ஜன்னலில் வைத்தாள்.

பம்பரம் எழுந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கப் போனவன், வைக்கவில்லை.

“அக்கா, ரோடு எங்க?”

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தூக்கிச் சமாதானம் செய்திருப்பாள். கட்டிலில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்துகொண்டான். ரோடு இல்லை, வண்டி நடுவழியில் நிற்கிறது, இறங்க முடியாது என்றான். பல் தேய்க்க இறங்கவில்லை. ரொட்டிக்கு இறங்கவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு கிட்டே போனபோது, “நடந்து வராத, அங்க பள்ளம்” என்றான்.

“வீடு துடைக்க வேண்டாமா? எத்தனை நாளைக்கு அழுக்குல கிடக்கிறது?” என்றாள் அவள், யாரும் கேட்காமலே.

அப்பாக்காரன் ஈரத் தரையைப் பார்த்தான். திட்டவில்லை. “ரோடு போனா என்னடா, மண்ரோட்டுல போவோம்” என்று பம்பரத்தை முதுகில் சுமந்து துவைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனான்.

அதன்பிறகும் லாரி ஓடியது. ஆனால் சத்தம் இல்லாமல் ஓடியது. “மெதுவா, அம்மா வேலை செய்றாங்க” என்று அவன் சொல்வது கேட்கும். ‘வரலாம், வரலாம்’ என்பதைக்கூடப் பம்பரம் ரகசியமாகச் சொன்னான். உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். முன்பு சிரிப்பாவது அவள் காதுக்கு வந்தது. இப்போது அதுவும் இல்லை. நாலு நாளில் பதினேழு சட்டை தைத்து முடித்தாள். ஒன்றில் கையை மாற்றித் தைத்துப் பிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வக்கீல் வந்து மேஜையில் ஏறி உட்கார்ந்தாள்.

“அம்மா, ஒண்ணு கேப்பேன். உண்மையச் சொல்லணும்.”

“கேளு.”

“ஏன் துடைச்ச?”

“அழுக்கு.”

“சாக்பீஸ் அழுக்கா? நீ துணிமேலயே போடுற.”

அவள் நூலைக் கடித்து அறுத்தாள்.

“பாலத்தைத் துடைச்சது பரவால்ல. போனையும் துடைச்சிட்ட.”

“என்ன போன்?”

“டீக்கடை பக்கத்துல போட்டிருந்தோம்ல, பெட்டிமேல கோடு. அது போன். கோடு வந்து சிக்னல். அதுதான் அம்மாவுக்குப் போன் பண்ற இடம். அதைத் தாண்டினா மலையில ஆறு மணி நேரத்துக்கு டவர் கிடையாதாம். அதுக்குத்தான் எப்பவும் அங்க நிக்கிறதாம் அப்பா. தம்பி கேட்டான், டீக்காகவான்னு. அப்பா சொன்னாரு, டீ எங்க வேணா கிடைக்கும்னு.”

வக்கீல் மேஜையிலிருந்து குதித்து இறங்கினாள். “நீ பாக்கவே இல்லையா?” என்று ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போனாள்.

பதிமூன்றாம் நாள். வெயில் நன்றாக அடித்தது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த இன்னொரு டிரைவரே பேசினார். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி இறங்குகிறது என்றார். கொஞ்ச நேரத்தில் லாரி முதலாளி பேசினார். நாளைக்குத் தாள் கிழித்ததும் மறுநாளே லோடு ஏற்ற வேண்டும். பிள்ளைகள் இதைக் கேட்டு முகம் தொங்கி, சாப்பிட்டு, கட்டிலில் ஸ்டீயரிங் தட்டைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனார்கள்.

அவன் முன்னறைக்கு வந்து தரையில், மேஜைக் காலில் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் கடைசிச் சட்டையின் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு டம்ளர் டீ போட்டுவைத்திருந்தாள். ஒன்றை நகர்த்தினாள்.

அவன் குடித்துப் பார்த்தான். “சக்கரை போட்டிருக்க.”

“ரெண்டு கரண்டி. வேணாம்னா சொல்ல வேண்டியதுதானே. ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் தெரியுது, எனக்குத் தெரியல.”

“அது ஓட்டும்போது. இனிப்பாக் குடிச்சா கண்ணு சொக்கும். வீட்டுல சொக்கட்டுமேன்னுதான் குடிக்கிறேன்.”

அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள்.

“அந்தக் கடைக்காரிக்கு என்ன வயசு இருக்கும்?”

“உன் வயசு இருக்கும்.”

“பாக்க எப்படி இருப்பா?”

“கவனிச்சதில்ல.”

“பொய்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “நல்லாத்தான் இருப்பா. புருஷன் அடுப்புகிட்ட இருப்பான். எப்பவும் அவனைத் திட்டிக்கிட்டே இருப்பா. உன்னப் பத்திக் கேப்பா.”

“என்னப் பத்தி என்ன இருக்காம்?”

“‘உங்க வீட்டம்மா இன்னைக்கு என்ன தைக்கிறாங்க’ம்பா. நான் தெரியாதும்பேன்.”

“ஏன், தெரியாதா?”

“கேட்டா நீ சொன்னாத்தானே. போன் போட்டு என்ன பண்றன்னு கேப்பேன். தைக்கிறேன்ம்ப. என்ன தைக்கிறன்னு கேப்பேன். ‘துணிதான், வேற என்ன’ம்ப. அதுக்கப்புறம் என்னத்தக் கேக்கிறது?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த இடத்திலேயே அது வேறொன்றாக மாறிக் கண்ணில் நின்றது. வெளியே பேக்கரிக்காரர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“நீங்க மட்டும் என்ன சொன்னீங்க? கல்யாணமான ஒன்பதாம் நாள், இதே வாசல்ல. வழியில என்ன இருக்கும்னு கேட்டேன். ரோடுதான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

“ஞாபகம் வெச்சிக்கிட்டேதான் பேசாம இருந்தீங்களா? பிள்ளைங்களுக்கு மட்டும் சூரியகாந்தி, ரோஜாப்பூ, மழை வாசனை. எனக்கு ரோடு. நான் சக்கரத்தைக் கையில பிடிச்சிக்கிட்டுத் திருட்டுத்தனமா கேட்டேன், தெரியுமா? என் பிள்ளைங்க மேலயே எனக்கு எரிஞ்சுது. அஞ்சு வயசுப் பையன், அவனுக்கு முன் சீட்டு. நான் ஹோட்டலு.”

அவன் டம்ளரைத் தரையில் வைத்தான். பிறகு தரையைப் பார்த்தே பேசினான்.

“அன்னைக்கு உன் மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு. புதுசா வந்த பொண்ண ஒத்தையில விட்டுட்டுப் போறேன். அந்த நேரத்துல போயி, பாலம் இப்படி இருக்கும், பூ இப்படி இருக்கும்னு சொன்னா எப்படி இருக்கும்? எனக்கு அந்த ரோடு பிடிக்கும். வண்டி எடுத்தா மனசு லேசாயிடும். அதை உங்கிட்டச் சொன்னா, ‘அப்ப என்னைவிட அதான் பிடிக்குதா’ன்னு கேட்டுருவியோன்னு இருந்துச்சு. கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. அதான் ஒண்ணும் இல்லாத மாதிரி சொன்னேன். சொல்லிட்டேன், அதையே பதினோரு வருஷம் ஓட்டிட்டேன்.”

“இப்பக் கேட்டா என்ன சொல்வீங்க?”

“இப்பவும் தெரியல.”

இப்படி ஓர் உண்மையைச் சொன்னதற்கு அவனை அடிக்கலாம்போலவும் இருந்தது, பக்கத்தில் போய் உட்காரலாம்போலவும் இருந்தது. டீக்கடைக்காரி மேலிருந்த எரிச்சல் எப்போது போனது என்று தெரியவில்லை. முழுக்கப் போகவும் இல்லை, நல்லாத்தான் இருப்பா என்றானே. ஆனால் இப்போது அவளுக்குப் பொறாமை அந்த ரோட்டின் மேல்தான். காலையில் அவன் முகத்தைப் பார்க்கிற சூரியகாந்திமேல். அவை பார்த்த முகத்தை அவள் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து தூங்குகிறவனைத்தான் அவளுக்குத் தெரியும்.

அவள் இழுப்பறையைத் திறந்தாள். டப்பாவில் நகக்கண் அளவு நீல சாக்பீஸ் ஒன்று மிச்சம் இருந்தது. எழுந்து வந்து, மேஜைக்கும் மெஷினுக்கும் நடுவில், அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“போடுங்க.”

“இதுல எவ்வளவு போட முடியும்? பாலம் வரைக்குங்கூட வராது.”

“வர்ற வரைக்கும் போடுங்க.”

மெஷின் காலடியிலிருந்து அவன் கோடு இழுத்தான். மெல்லிசாக, அழுத்தாமல், தேயாமல் இருக்கப் பார்த்து இழுத்தான். வளைவில் கை தானாக வளைந்தது. அவன் இழுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்துக்கு ஒரு சாண் முன்னால் சாக்பீஸ் தீர்ந்துவிட்டது. வெறும் விரலை அவன் தரையில் வைத்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே பச்சை லாரியின் பக்கக் கண்ணாடியில் வெயில் பட்டு, ஒரு துண்டு வெளிச்சம் தெருவைத் தாண்டி வந்து சுவரில் நின்றது.

உள்ளறையில் பம்பரம் தூக்கத்தில் ஏதோ முனகினான். அவள் எழுந்து போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்கே கேக்க வந்தேன்.”

“கேளு.”

“பள்ளிக்கூடம் திறக்கட்டும். பேக்கரியம்மாகிட்டப் பிள்ளைங்களை விட்டுக்கலாம், நான் பேசிக்கிறேன். என்னை ஒரு தடவை வண்டியில கூட்டிட்டுப் போங்க. மலை வேண்டாம், அந்தக் கடை வரைக்கும் போதும். பிள்ளைங்க வேண்டாம். நான் மட்டும். முன் சீட்டுல.”